நிற்கும் சக்கரம்

கார் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் கூச்சம்தான். 1966-ல் சென்னையில் செய்யப்பட்ட இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் இதே வண்டியின் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குப் பணக்காரப் பங்காளி உள்ளவனின் பெருமை உண்டு. தபாலாபீஸ் உத்தியோகத்தில் சென்னையிலிருந்த எழுபதுகளில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் பார்க்கப்போய்ப் பிடித்த வியாதி. 1988-ல் கடன் போட்டு வாங்கினேன். அப்பா வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

2003 ரதசப்தமி. அன்றைக்கு அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். எண்பதை நெருங்கிவிட்ட அப்பாவால் கூட்டத்தில் நடக்க முடியாது என்று ஆற்றோரமாகக் காரை இறக்கினேன். மணலில் மாட்டிக்கொண்டது. இடது பின்சக்கரம் வெறி பிடித்தாற்போல் சுற்றியது. கெட்டித் தரையில் இருந்த வலது சக்கரம் அசையவே இல்லை. அப்பா இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"சுத்தறத உடு. நின்னுக்கினு கீதே, அது இன்னா பாவம் பண்ணுச்சி?"

எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஏதாவதொன்று தேய்ந்தாக வேண்டும். அதற்காக நடுவில் வைத்த பற்சக்கரக் கூட்டம்தான் டிபரன்ஷியல். அதன் தர்மம் சமத்துவம்: இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசை. வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லா முறுக்குவிசையும் போய்விடுகிறது என்று நாம் சொல்வது சரியல்ல. வழுக்குகிற சக்கரத்தால் தாங்க முடிந்தது சொற்பம். அந்தச் சொற்பமே பிடிமானமுள்ள சக்கரத்துக்கும் கிடைக்கிறது. சுற்றுவது மட்டும் இரட்டிப்பு வேகத்தில் சுற்றி ஓட்டம்போல் தோற்றம் காட்டுகிறது. நிற்பதற்குக் கால் உண்டு, தரை உண்டு. தள்ளுவதற்குப் பங்கு வரவில்லை.

கூட்டத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்து, க்ளட்ச்சை மெதுவாக விட்டார். பிரேக்கின் உரசல் சுற்றுகிற சக்கரத்துக்குப் பாரமாகிறது. அந்தப் பாரத்தின் அளவுக்கு மறுசக்கரத்துக்கும் விசை வந்துசேர்கிறது. வண்டி முனகிக்கொண்டு ஏறிவிட்டது. அப்பா அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

மறு வருஷம் அப்பா போய்விட்டார். கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் குழித்தறி. பட்டும் கூலியும் ஆரணியிலிருந்து வரும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடம்புக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கு இரண்டு. தறிக்காரனுக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து ஓரத்து நாடாவைத் தள்ளவேண்டும். கரையின் நிறமும் உடம்பின் நிறமும் ஒவ்வோர் இழையிலும் கைகோத்துக்கொண்டு போகும். எட்டு வயதிலிருந்து அந்தப் பையன் நான். 1970-ல் உத்தியோகம் கிடைத்ததும் போய்விட்டேன். சென்னையில் அறைகளில், டீக்கடைகளில், நாலு பத்திரிகைகளில் வேகமாகச் சுற்றினேன். அப்பா அதற்குப் பிறகு கோர்வை நெய்யவில்லை. நெய்யத் தெரியும், கையில் வேகமும் இருந்தது. ஓரத்தில் ஆள் இல்லை. குறைந்த கூலிக்குச் சாதாக்கரைச் சேலை நெய்தார். இது எனக்குக் காரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2013-ல், ஓய்வுபெற்ற மறு வருஷம், டிபரன்ஷியலை மாற்றுவதென்று தீர்மானித்தேன். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல் புதிதல்ல. 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பின்சக்கரம் சுழன்று எரிந்ததால் பெர்டினண்ட் போர்ஷே அதை நாடியிருக்கிறார். வகை இரண்டு. பற்சக்கரங்களின் நெருக்கத்தாலேயே வேலை செய்வது ஒன்று. தேய்மானம் குறைவு, ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பெருக்குவதற்கு ஒன்றுமில்லாமல் அதுவும் கைவிரித்துவிடும். மற்றது உரசுத் தட்டுகளை அடுக்கி ஸ்பிரிங்கால் முன்கூட்டியே அழுத்தி வைத்தது. தேயும், தனி எண்ணெய் கேட்கும், மெதுவான திருப்பத்தில் முணுமுணுக்கும். ஆனால் அந்தரத்திலும் கொஞ்சம் பிடிக்கும். இரண்டாவதைத் தேர்ந்தேன். நண்பர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார்.

திருவண்ணாமலை மெக்கானிக் பழையதைப் பிரித்து மேஜைமேல் பரப்பிவிட்டுக் கேட்டார்: "இதுல என்னா சார் குறை?" பற்கள் பளபளவென்று இருந்தன. ஊஞ்சல்போல் ஆடும் பின்ஆக்ஸில், இத்துனூண்டு எஞ்சின், இதற்கு எதற்கு இந்தச் செலவு என்றார். என்னிடம் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. தட்டுகளின் இடைவெளியைச் சரிபார்த்து, மெல்லிய வளையங்கள் வைத்து, இரண்டு நாளில் மாட்டிக் கொடுத்தார்.

தார்ச்சாலையில் வித்தியாசம் தெரிந்தது. பர்வதமலைப் பக்கத்துத் திருப்பங்களில் வண்டி பின்னாலிருந்து ஒரே மனசாகத் தள்ளியது. கொஞ்சம் நேராகப் போகவே பார்த்தது. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

2014 ரதசப்தமிக்கு வேண்டுமென்றே அதே இடத்தில் இறக்கினேன். இடது சக்கரம் வழுக்கியது. தட்டுகள் பிடித்தன. நின்ற சக்கரமும் சுற்றியது. இந்த முறை வலப்பக்கமும் இளகின மணல். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து, ஒன்றுக்கொன்று குறையாமல், ஆக்ஸில் மட்டத்துக்குப் புதைந்தன.

பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்து தள்ளினார்கள். நான் இறங்கி இடது ஓரத்தில் கைகொடுத்தேன். அங்கே தள்ளிக்கொண்டிருந்தவன், "பெருசு, நீங்க சும்மா நில்லுங்க" என்றான். நிற்கவில்லை.