அந்தக் கறுப்புப் பெட்டி ரிமோட் இல்லை



பாடசாலைக் கண்காட்சிக்கு வந்த பெற்றோரில் பாதிப்பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சேர், ரயில் மேசையைச் சுத்தி நடக்கிற அந்தப் பிள்ளையின்ர கையில என்ன? ரிமோட்டா?" அங்கே நின்று விளக்க நேரமிருக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். பதிவு நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

அது ரிமோட் இல்லை. கறுப்புப் பெயின்ட் அடித்த சோப்புப் பெட்டி. பழைய ரேடியோவில் கழற்றிய ஒரு குமிழ், ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு பட்டன், பின்னால் ஒரு வயர். இவ்வளவுதான். ஆனால் இதற்கு வந்துசேர எனக்கு நாலு மாதம் எடுத்தது.

ரயில் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மாணவன் ஒருவனின் மாமா லண்டனில் இருக்கிறார். தன் மகன் வளர்ந்துவிட்டான், வீட்டில் கிடக்கிறது என்று ஒரு ஹோர்ன்பி ரயில் பெட்டியை ஊருக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டார். உண்மையான ரயிலில் 76இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். எட்டடிக்கு நாலடி பிளைவூட் பலகையில் அதைப் பூட்டினோம். அட்டையில் மாங்குளம் ஸ்டேசன், தேங்காய்த் தும்பில் மரங்கள், பலகையின் அடுத்த அந்தத்தில் கேற் இல்லாத ஒரு கிரவல் றோட்டுக் கடவை. கடவையை நான் வேண்டுமென்றே வைத்தேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் புதுச் சாமான். 1905இல் காங்கேசன்துறை வரை போன பாதை இது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை திரும்ப ரயில் வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் 23 வருடம். ஒரு தலைமுறை முழுக்க ரயில் சத்தம் கேட்காமலே வளர்ந்து, மாடு சாய்த்து, சைக்கிள் ஓடி, அந்தப் பாதையை வெறும் மண்மேடாகவே பழகிவிட்டது. நானும் அந்தத் தலைமுறைதான். என்ன, நான் வளர்ந்தது புத்தளத்தில். அதே 1990இன் ஒக்டோபரில் எங்கள் குடும்பம் தண்ணீரூற்றை விட்டு வெளியேற்றப்பட்டது. வாப்பா கொழும்புக்குப் போவதென்றால் முன்பு பஸ்ஸில் மாங்குளம் வந்துதான் யாழ்தேவி ஏறுவாராம். எனக்குத் துணுக்காய்க்கு நியமனம் கிடைத்தபோது அவர் முதலில் கேட்டதும், "மாங்குளத்தில இப்ப கோச்சி நிக்குதா மகன்?" என்றுதான்.

ரயில் திரும்பி வந்ததில் எல்லோருக்கும் சந்தோசம். கூடவே கடவைச் சாவுகளும் வந்தன. 2019 ஜூனில் கிளிநொச்சியில் இராணுவ வாகனம் ஒன்று பாதுகாப்பற்ற கடவையில் ரயிலோடு மோதிச் சிப்பாய்கள் இறந்தது பேப்பரில் வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு மாடு என்றால் பேப்பரில் ஒரு மூலையோடு சரி.

இனிப் பெட்டிக்கு வருகிறேன்.

ரயிலோடு வந்த கொன்ட்ரோலர் சின்னது. வயரும் கட்டை. எங்கள் மண்டபத்தில் வேலை செய்கிற ப்ளக் ஒன்றுதான், அது கதவடியில். ஆகவே ஓட்டுகிற பிள்ளை கதவடி மூலையில் நிற்கும், கடவை எட்டடிக்கு அப்பால் அட்டை ஸ்டேசனுக்குப் பின்னால் மறைந்திருக்கும். முதல்நாள் தரம் 8 பிள்ளைகள் ஓட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பொடியன் விளையாட்டு ட்ரக்டரைக் கடவையில் வைத்துவிட்டான். ரயில் அடித்தது, ட்ரக்டர் பலகையை விட்டுக் கீழே விழுந்தது. வகுப்பே கைதட்டிச் சிரித்தது.

ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. அவளின் சித்தப்பா கடவை ஒன்றில் மோட்டார் சைக்கிளோடு போனவர். காதில் போன் இருந்தது என்று சனம் சொன்னது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரம் யோசிக்கவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை சரியில்லை. விளையாட்டுக் காட்டப் போய் என்ன படிப்பித்தேன்? ரயில் அடித்தால் கைதட்டலாம் என்றா?

ஓட்டுகிறவர் ரயிலோடு கூட நடக்க வேண்டும், கடவை கண்ணுக்கு முன்னால் வர வேண்டும். அதுமட்டும் விளங்கியது. இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்களிடம் இதற்கென்றே கையில் கொண்டு நடக்கும் கொன்ட்ரோலர் உண்டு. யூடியூப்பில் பல இரவு பார்த்தேன். என்சிஇ, டிஜிட்ராக்ஸ், ரோக்கோவின் மல்டிமவுஸ் என்று அழகழகான சாமான்கள். அவை டிஜிட்டல் முறை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் நிற்கும். எஞ்சினுக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கும். கொன்ட்ரோலர் அந்த எஞ்சினின் இலக்கத்தைச் சொல்லிக் கட்டளை அனுப்பும். இதில் ஒரு வசதி. வயரைக் கழற்றிக்கொண்டு அடுத்த பக்கம் நடந்துபோய் அங்கே குத்தலாம், அதுவரை ரயில் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விலையைப் பார்த்தேன், பிறகு கூரியர், சுங்க வரி. ஆசிரியர் சம்பளத்தில் இதை வாங்கினேன் என்று வீட்டில் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

இரண்டாவது வழி போன். ஆர்டுயினோ என்ற சின்ன பலகை, ஒரு மோட்டர் ட்ரைவர், எஞ்சினுக்கு ஒரு சில்லு, போனில் என்ஜின் ட்ரைவர் என்ற இலவச அப். வயர் இல்லை. பிள்ளைகள் போன் என்றால் பறப்பார்கள். எங்கள் ஐசிரி ரீச்சரும் இதுதான் சரி என்றார். நானும் கிட்டத்தட்ட முடிவெடுத்துவிட்டேன். சில்லுக்கு ஓடர் போடமுதல், என் போனைக் கொடுத்துச் சும்மா ஒத்திகை பார்த்தோம். திரையில் வேகப் பட்டியை விரலால் இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடக்க வேண்டும், ஐசிரி ரீச்சர் பழைய கொன்ட்ரோலரில் ரயிலை ஓட்டுவார்.

அந்தப் பிள்ளையின் முறை வந்தது. முதல்நாளிலிருந்து எதையும் தொடாதவள். போனை வாங்கினாள், நாலடி நடந்தாள், திருப்பித் தந்துவிட்டாள்.

"சேர், இதைப் பாத்துக்கொண்டு நடந்தா ரயிலைப் பாக்கேலாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐசிரி ரீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடி இல்லை. விரல் எங்கே நிற்கிறது என்று அறிய ஒவ்வொரு தரமும் குனிந்து பார்க்க வேண்டும். குமிழ் என்றால் பெருவிரலுக்கே தெரியும், எவ்வளவு திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்று. (அந்த அப்பில் போனின் சத்தம் கூட்டும் பட்டனாலும் வேகத்தை மாற்றலாம். அதையும் யோசித்தேன். ஆனாலும் கையில் இருப்பது போன்தானே. இடையில் யாராவது கோல் எடுப்பார்கள்.)

ஆகவே குமிழ், வயர், ஒரு கையால் பிடிக்கும் பெட்டி என்று முடிவானது. ஆர்டுயினோவை விடவில்லை, அதை மேசைக்குக் கீழே வைத்தோம். மோட்டருக்குப் போகும் மின்சாரம் எல்லாம் கீழேயே நிற்கும். கையில் இருக்கும் பெட்டிக்கு 5 வோல்ட் மட்டும். எஞ்சினுக்குச் சில்லும் தேவையில்லை, பழைய 12 வோல்ட் முறைதான். வயருக்கு கணினி அறையில் கழித்துவிட்ட நெற்வேர்க் கேபிளில் மூன்று மீற்றர். அதன் எட்டு இழையில் ஐந்து போதும். பலகையின் மூன்று பக்கமும் அதே நெற்வேர்க் சொக்கற். ஒரு பக்கம் கழற்றி மறுபக்கம் குத்தலாம்.

முதல்தரம் கழற்றியபோது ரயில் பைத்தியம் பிடித்ததுபோல் முழு வேகத்தில் பாய்ந்தது. கையில் கொன்ட்ரோலரே இல்லை, ரயில் பறக்கிறது! ஐசிரி ரீச்சர் ப்ளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினார். காரணம் சின்னது. குமிழிலிருந்து வரும் இழை அந்தரத்தில் தொங்கினால் ஆர்டுயினோ கண்டபடி வாசிக்கும். அந்த இழைக்கும் பூச்சியத்துக்கும் இடையில் ஒரு தடை, 100 கிலோ ஓம், சில ரூபாய்ச் சாமான், பற்றவைத்தோம். இப்போது கழற்றினால் வேகம் பூச்சியம் என்றே வாசிக்கும். செய்து பார்க்கப்போகும் ஆசிரியர்கள் இதை மறக்க வேண்டாம்.

இனித்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. விளையாட்டு ரயில் குமிழைத் திருப்பியவுடன் சடாரென்று நிற்கும். அது பெரிய பொய். உண்மையான ரயிலுக்கு நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். அந்தப் பொய்யைத்தான் சனம் கடவையில் நம்புகிறது, "கண்டால் நிப்பாட்டுவான்தானே" என்று. கணித பாடத்தில் விகிதம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் கணக்குப் போட்டோம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 27.8 மீற்றர். 76ஆல் பிரித்தால் 36.5 சென்ரிமீற்றர், ஓர் அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் பாதை ஒரு சுற்று ஐந்தரை மீற்றர், 15 செக்கனில் முடியும். பிள்ளைகள் நேரம் பிடித்துக் குமிழில் அந்த இடத்துக்குக் கோடு போட்டார்கள். நிற்க 500 மீற்றர் என்று குறைத்தே வைத்தோம். 76ஆல் பிரிக்க 6.6 மீற்றர். எடுக்கும் நேரம் 36 செக்கன். ரீச்சர் அதையே ப்ரோகிராமில் எழுதினார். சிவப்பு பட்டனை அமர்த்தினால் ரயில் அவ்வளவு மெதுவாகத்தான் வேகம் குறையும்.

6.6 மீற்றர் என்றால் எங்கள் மேசையில் ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் ஒரு மீற்றரும். கடவைக்கு முன்னால் பட்டனை அமர்த்துகிற பிள்ளை, ரயில் கடவையைத் தாண்டிப் போவதையும், மேசையைச் சுற்றி வந்து இரண்டாம் தரமும் அதே கடவையைத் தாண்டுவதையும் கூடவே நடந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிற்கும். முதல்முறை இதைப் பார்த்தபோது வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. இன்னொரு லாபமும் கிடைத்தது. வயரைக் கழற்றி அடுத்த பக்கம் குத்த 36 செக்கன் தாராளம். பெரிய விலைக் கொன்ட்ரோலர் செய்யும் வேலையில் முக்கால்வாசி.

ஒரு சட்டமும் வைத்தோம். பழைய ஒற்றைப் பாதையில் ட்ரைவருக்கு ஸ்டேசனில் வளையத்தோடு ஒரு டோக்கன் கொடுப்பார்கள், அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேசனுக்குப் போக முடியாது. வாப்பா சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெட்டி யார் கையிலோ அவர்தான் ட்ரைவர், மற்றவர்கள் கத்தி ஓடர் போடக்கூடாது. சண்டை பாதியாகக் குறைந்தது. முழுக்க நின்றது என்று சொன்னால் தரம் 8 பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கண்காட்சியன்று பின்னேரம் ஒரு தகப்பன் வந்தார். ட்ரக்டர் ஓட்டுகிறவர். தானும் ஓட்டிப் பார்க்கலாமா என்று வெட்கத்தோடு கேட்டார். அப்போது பெட்டி அந்தப் பிள்ளையின் கையில். இரண்டு மாதமாக அதை அதிகம் பிடித்தது அவள்தான். கொடுத்தாள், பக்கத்திலேயே நடந்தாள். சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடவையில் வைத்ததும் அவளேதான். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவர் கண்டவுடன் பட்டனை அமர்த்தினார். ரயில் போய் அடித்தது. அவர் திரும்பத் திரும்ப அமர்த்தினார். ரயில் அதுபாட்டில் மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"சேர், இது பழுதோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறக்கமுதல் அவள் சொன்னாள்: "பழுதில்லை மாமா. அது அப்பிடித்தான் நிக்கும்."

அவர் பெட்டியைக் கையில் வைத்தபடி ரயில் நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னொருக்கா ஓட்டட்டே?" என்று கேட்டார்.

மேசை இந்தத் தவணை முடியும் வரை மண்டபத்தில் இருக்கும். பாடசாலை நேரத்தில் வரலாம். வயர் இணைப்புப் படம் வேண்டிய ஆசிரியர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். யார் வீட்டிலாவது வேலை செய்யாத பழைய ரேடியோ கிடந்தால் எறிய வேண்டாம். இரண்டாவது பெட்டிக்கு ஒரு குமிழ் தேவைப்படுகிறது.