அடி மாறிய இடம்

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு சாம்பல் இருந்தன. ஒன்று சாமி மாடத்தில், படவேட்டு ரேணுகாம்பாள் கோயில் திருநீறு. ஜமதக்னி முனிவர் யாகம் செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில் மண்ணை வெட்டி எடுத்து வந்து தருவது. இன்னொன்று தறியோரம் கொட்டாங்குச்சியில் இருந்த அடுப்புச் சாம்பல். அது பாவு பிணைக்க.

பழைய பாவு தீரும் தறுவாயில் அதன் நுனியை அச்சிலிருந்து உருவிவிட மாட்டார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். பட்டு வழுக்கும், ஆயா விரல் நுனியைச் சாம்பலில் தொட்டு முறுக்குவாள். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சு தெரியாது, விரல்தான் தெரியும்.

ஆடி வெள்ளிகளில் சந்தவாசல் வழியாகப் படவேடு போவோம். வழியெல்லாம் வாழைத்தோப்பு. கருவறையில் அம்மனின் சிரசு இருக்கிறது. கணவன் ஜமதக்னி சொல்ல மகன் பரசுராமன் வெட்டிய தலை. அந்தக் கதையில் ஆயாவுக்குப் பிடித்தது ஒன்றுதான்: “வெட்டுன கையாலதானே கும்புட்டு, அம்மாவ திருப்பிக் குடுன்னு வரம் கேட்டான்?” கேட்கும்போதெல்லாம் அவள் கண் கலங்கும். செத்தவரைத் திருப்பிக் கேட்பதைவிட மனிதத்தனமான காரியம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

தாத்தாவுக்குப் பிடித்தது அதே படவேட்டில் உள்ள யோக ராமர் கோயில். வில் இல்லாமல், சின்முத்திரையோடு உட்கார்ந்த ராமர். எதிரே அனுமன் சுவடி படிக்கிறார். “தறிய விட்டு எறங்குன மனுசன் மாதிரி இருக்காரு பாரு” என்பார். படவேடு ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். ராஜகம்பீரன் மலையில் அவர்கள் கோட்டை. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையோடு வந்தான். அதோடு அவர்கள் ஆட்சி சாய்ந்தது. அம்மையப்பர் கோயில் மண்மூடிப் போய், நம் காலத்தில்தான் தோண்டி மீட்டார்கள். ராஜாக்களுக்கே அப்படி என்றால் நெசவாளிக்கு என்ன மிஞ்சும்? சின்ன வயதில் இந்தக் கேள்வி என்னை அரித்திருக்கிறது.

தாத்தா ஓர் ஐப்பசியில் போனார். தறியில் அரக்கு நிறக் கல்யாணப் புடவை பாதியில் நின்றது. காரியம் முடிந்த மறுநாள் ஆயாதான் நைனாவைக் கூப்பிட்டாள். “குந்துடா. முகூர்த்தம் நமக்காக நிக்குமா?”

நைனா தறிக்குழியில் காலை இறக்கி, நாடாவை எடுத்து, சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு மிதித்தார். தாத்தாவின் அடி அழுத்தமானது; அவர் நெய்த துணி விரலுக்குக் கெட்டியாகப் படும். நைனாவின் அடி இளக்கம். ஆயா குனிந்து அந்த இடத்தைத் தடவினாள். அவளுக்குத் தெரிந்தது. காட்டிக்கொடுத்த பிறகு எனக்கும் தெரிந்தது. ஊடை ஊடையாகப் போய், ஓரிடத்தில் ஒருவர் நின்று இன்னொருவர் தொடங்கியிருந்தார்.

கடைக்காரர் பிரித்துப் பார்த்தார், குறை சொல்லவில்லை. முழுக் கூலி வந்தது. கட்டிக்கொண்ட பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் புடவை இன்னும் பீரோவில் இருந்தால், முந்தானையிலிருந்து அளந்து பாதிக்குச் சற்று முன்னால், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும்.