படியின் வாயும் அடியும்

எழுதுவதற்குப் பிடிப்பதுபோல் பென்சிலைப் பிடிக்கக் கூடாது. எங்கள் சார் செய்த முதல் திருத்தம் அதுதான். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். வேலைக்குப் போகிறவர்களுக்காகப் புரசைவாக்கத்தில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடத்துகிறார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கட்டத்துக்குள் அடக்கி எழுதிப் பழகிய விரல்கள் என்னுடையவை. "விரலால வரையாதீங்கம்மா. கோடு தோள்லேர்ந்து வரணும்" என்று சொல்லி, பென்சிலை உள்ளங்கைக்குக் கீழே படுக்கவைத்துக் காட்டினார். அப்படிப் பிடித்தால் விரல்களுக்கு வேலையே இல்லை. முழங்கையும் தோளும் சேர்ந்து அசைந்தால்தான் கோடு நகரும். ஆரம்பத்தில் வகுப்பு முடிந்து பேருந்தில் கம்பியைப் பிடிக்கக்கூடக் கை வலித்தது.

பென்சில்களிலும் எனக்கு அவசரம். களிமண் கூடுதலாகச் சேர்ந்த 2எச் தாளைக் கீறிக்கொண்டு போகும். கிராஃபைட் மிகுந்த 6பி வழுக்கிக்கொண்டு ஓடும், விரல் பட்டாலே கருப்பு தீற்றிக்கொள்ளும். அந்தக் கருப்பின் மேல் எனக்கு ஆசை. சார் வெகுநாள் எச்பியைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. வடிவம் நிற்காத இடத்தில் நிழல் போட்டு என்ன பயன் என்பார்.

வடிவத்துக்காக எங்கள் முன் அவர் வைத்தது அரிசி அளக்கும் படி. உருளை வடிவம், நடுவே பித்தளைப் பூண்கள். எளிது என்றுதான் நினைத்தேன். அந்தப் படியோடு நான் பட்ட பாடு பல வாரங்களுக்கு நீண்டது. வாயின் நீள்வட்டம் இரு முனையிலும் மாவிலை நுனிபோல் கூர்மையாக வந்தது. முனையைத் திருத்தினால் வட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. அடிப்பகுதியையோ ஒவ்வொரு முறையும் நேர்கோடாகவே வரைந்தேன். சார் என் தாளில் கை வைக்கவே மாட்டார். பின்னால் நின்று பார்ப்பார், "மேசை தட்டைன்னு உங்களுக்குத் தெரியும். அதை மறந்துட்டுப் பாருங்க" என்பார். எனக்கு மறக்க வரவில்லை.

ஒருநாள், "வீட்ல கண்ணாடி டம்ளர்ல பாதி தண்ணி ஊத்தி, கண்ணுக்கு நேரா தூக்கிப் பாருங்க" என்றார். அன்றிரவே பார்த்தேன். கண் மட்டத்தில் தண்ணீரின் மேற்பரப்பு வெறும் கோடாக இருந்தது. டம்ளரை மெல்லக் கீழே இறக்க இறக்க அது நீள்வட்டமாக விரிந்தது. அப்படியானால் படியின் வாயைவிட அடி கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூட வேண்டும், பூண்கள் இரண்டுக்கும் நடுவில் படிப்படியாக மாற வேண்டும். மறுநாள் வளைத்தேன். படி முதல்முறையாக மேசைமேல் உட்கார்ந்தது.

அளப்பதில் வேறு தொல்லை. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியையும் கட்டைவிரலையும் கொண்டு உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வந்தது. சார் பின்னாலிருந்து என் முழங்கையைத் தட்டினார். மடங்கியிருந்தது. பென்சில் கண்ணுக்குக் கிட்டே வந்தால் அளவு மாறாமல் என்ன செய்யும்? முழங்கை பூட்டிக்கொண்ட பிறகு கணக்கு ஒத்துப்போனது. அந்த உணர்வு எனக்குப் பழக்கமானது; மாதக் கடைசியில் இருபக்கமும் சரியாக வரும்போது வருவது.

மே மாதம் காலை வகுப்பு. மடக்கு நாற்காலியை வைத்து, நாற்காலியை விட்டுவிட்டுக் கால்களுக்கு இடையிலுள்ள காலி இடங்களை மட்டும் வரையச் சொன்னார். ஒரு முக்கோணம், பக்கத்தில் ஒடுங்கிய நாற்கோணம் என்று இடைவெளிகளை மூடிக்கொண்டே வந்தபோது, நான் வரையாத நாற்காலி தாளில் நின்றது. ஏன் எனக்கு இதை முதலிலேயே தரவில்லை என்று கேட்டேன். "அளக்கத் தெரியாம இடைவெளி பிடிபடாது" என்றார்.

அடுத்து எழும்பூர் ரயில் நிலையம். கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயணிகளை வரைந்து கை பழகிய இடம். போகும் முன் சார், காந்தி நூற்றாண்டான 1969இல் ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைக் காட்டினார். குனிந்த முதுகின் பாரம் கோட்டிலேயே இருந்தது. நடைமேடையிலோ நான் தலையை முடிப்பதற்குள் ஆள் எழுந்து போய்விடுவார். பக்கம் முழுக்க அரை மனிதர்கள். "போனா போகட்டும், அடுத்தவரை ஆரம்பிங்க. இதே மாதிரி உட்கார இன்னொருத்தர் வருவார்" என்றார் சார். உண்மைதான், மூட்டைமேல் சாய்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே விதமாகச் சாய்கிறார்கள்.

டிரங்குப் பெட்டிமேல் அமர்ந்திருந்த ஒரு பாட்டியை முழுசாக வரைந்து நீட்டினேன். சார் நெடுநேரம் பார்த்தார். "முதுகு சரியா இருக்கு. கால்தான் மிதக்குது." அவரிடமிருந்து 'சரி' என்ற சொல்லை நான் கேட்டது அப்போதுதான், அந்தத் தாளைத் தேதியிட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தேன். நமக்குக் கிட்டே உள்ள பாதம் தாளில் சற்றுக் கீழே இறங்க வேண்டும். படியின் அடியில் கற்ற அதே கணக்கு. இப்போது பேருந்து நிறுத்தத்தில் பாதங்களைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். 6பி கிடைத்துவிட்டது.