அப்பா வைத்த ஒட்டு

ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வெள்ளை நிற ஃபோர்ட் மஸ்டாங் நின்றது. அப்பா இயந்திரம் பழுது பார்ப்பவர். 1991-இல் வாடிக்கையாளர் ஒருவர் பட்டறைக் கூலியைக் கட்ட முடியாமல் காரையே விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

சிறுவயதில் எனக்கு அந்தக் கார் மீது பெரிய கோபம். ஒரு தைப்பூசத்துக்கு அதில் கல்லுமலைக் கோயிலுக்குப் போனது நினைவிருக்கிறது. அதன் பிறகு அப்பா என்னை அதில் ஏற்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பார், இயந்திரத்தை முடுக்கி ஐந்து நிமிடம் உறுமவிடுவார், நிறுத்திவிடுவார். கெஞ்சினாலும், “பெரியவனானதும் பாக்கலாம்” என்பார். என்னைவிட அந்தக் கார்தான் அவருக்குப் பெரிது என்றே நினைத்து வளர்ந்தேன்.

அப்பா 2019-இல் தவறிவிட்டார். மூன்று ஆண்டு கழித்து, வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. “காடியை வித்துரலாம்” என்றார் அம்மா. அத்தான் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டு வாரத்துல பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சுக் கொடுங்க. நல்ல விலை தர்றேன்” என்றார்.

பழைய கார் பிரியர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். 1964 ஏப்ரல் 17-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வண்டி இது. 1966-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மஸ்டாங்குகளைச் செய்தார்கள். எங்களுடையது அந்த ஆறு லட்சத்தில் ஒன்று. 289 கன அங்குல வி8 இயந்திரம். நிறத்தின் பெயர் விம்பிள்டன் வொயிட்.

அப்பாவிடம் தொழில் பழகி, பிறகு தகடு வேலைக்கு மாறிய அண்ணன் ஒருவர் ஈப்போவுக்கு வெளியே பட்டறை வைத்திருக்கிறார். காரை லாரியில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனேன். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, துணியில் சுற்றி, கார் உடம்பு முழுக்க வைத்துப் பார்த்தார். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலும் கதவுக்குக் கீழும் வழுக்கி விழுந்தது.

“தம்பி, நீங்க ரேடியோக்காரர்தானே? காதை வச்சுக் கேளுங்க” என்று விரல் கணுவால் தட்டினார். நல்ல தகடு ‘டங்’ என்றது. காந்தம் விழுந்த இடம் ‘டொக்’ என்றது. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தே பிழைப்பவன் நான். அந்த வித்தியாசத்தை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே இருந்தது இரும்பு இல்லை, வெறும் பட்டி.

ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கினார். கீழே தார் பூசியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார். அது அப்படியே உள்ளே போய், அடியில் சிமெண்ட் தரையைத் தொட்டது.

இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் சேர்ந்துதான் மொத்த எடையையும் தாங்குகின்றன. அவை செத்துவிட்டால், மேலே எவ்வளவு மினுக்கினாலும் விபத்தில் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பில்லை.

“பூசிக் கொடுக்கணும்னா ரெண்டு வாரத்துல கொடுக்கலாம். வாங்கறவர் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போவார். உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார் அண்ணன்.

“பிரிச்சிடுங்க” என்றேன். எவ்வளவு செலவாகும் என்று அப்போது கேட்கவில்லை.

பட்டியைச் சுரண்டச் சுரண்டத்தான் அது தெரிந்தது. தரையில் இருந்த ஓட்டையின் மேல், தட்டையாக விரித்த மைலோ டின் ஒன்றை வைத்து ஆணி அறைந்திருந்தார்கள். பச்சை நிறம்கூட முழுதாகப் போகவில்லை. கதவுக்குக் கீழே இருந்த பொந்தில் செய்தித்தாளைத் திணித்து, அதன்மேல் பட்டி பூசியிருந்தார்கள். தாள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த தகட்டை உள்ளிருந்தே தின்றிருந்தது. தமிழ் நாளிதழ்தான். ஒரு சினிமா விளம்பரத்தின் ஓரமும் தேதியும் மட்டும் படிக்க முடிந்தது. 1998 பிப்ரவரி.

அந்த ஆண்டு கார் எங்கள் கொட்டகையில்தான் நின்றது. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டின்னைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வாடிக்கையாளர் கேட்டாலும் ஒப்பேற்றும் வேலை செய்யாதவர் என்று அப்பாவைப் பற்றி ஊரில் பேர். அவரே தன் காருக்கு இப்படிச் செய்திருக்கிறாரே!

வேலை 14 மாதம் ஓடியது. தரையை வெட்டுவதற்கு முன், இரண்டு கதவு வாசல்களிலும் இரும்புக் குழாய்களைக் குறுக்கே பற்றவைத்தார்கள். இல்லையென்றால் வெட்டியதும் உடம்பு நடுவில் தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

துருவின் மூலம் வேறெங்கோ இருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போக ஒரு பள்ளமான பெட்டி உண்டு. இந்த வகை மஸ்டாங்குகளின் தீராத நோவு அதுதான். எங்கள் ரம்புத்தான் மரத்து இலைகள் அதில் விழுந்து மக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, அடித்தகட்டை அரித்துவிட்டன. மழைத் தண்ணீர் அதன் வழியே ஓட்டுநரின் காலடிக்கு வடிந்திருக்கிறது. தரையை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மழைக்காலத்திலேயே மறுபடி துரு தொடங்கியிருக்கும். அந்தப் பெட்டியின் மேல்தகட்டைப் பிடித்திருந்த புள்ளிப் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, கழற்றி, உள்ளே புதுத் தகடு வைத்தார்கள்.

மாற்றுத் தகடுகள் தைவானிலிருந்து கப்பலில் வந்தன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் அப்பளம் போல நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எட்டி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று. பிறகு பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும்.

பட்டியே பூசக்கூடாது என்பதில்லை. “மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா அது பட்டி. அதுக்கு மேல போனா பொய்” என்பார் அண்ணன்.

சனிக்கிழமைகளில் நான் போய் மணல்தாள் தேய்த்தேன். அடிப்பூச்சின் மேல் கறுப்பை லேசாகத் தூவி, கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். கறுப்பு மிஞ்சிய இடம் பள்ளம், சீக்கிரம் போன இடம் மேடு. கண்ணுக்கு நேராகத் தெரிந்த கதவில் எத்தனை பள்ளங்கள்!

இதற்கிடையில் வாங்க வந்தவர் விலகிக்கொண்டார். “ஏன் பிரிச்சீங்க? எனக்குத் தெரிஞ்சே இருக்காதே” என்றார். அத்தான் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. நான் வங்கிக் கடன் வாங்கினேன். கூரையின் மேல் தார்ப்பாய் போட்டோம். “வீட்டுக்கு ஒட்டுப் போடறான், காடிக்கு ஒட்டைப் பிடுங்கறான்” என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் அந்த மைலோ டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் ஆற்றாமையோடுதான் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “உங்க அக்கா குடிச்ச மைலோ. அவ காலேஜுல சேர்ந்த வருஷம். ஊரே வேலை இல்லாமக் கிடந்துச்சு. பட்டறையில ஒரு காடி வரல. வச்சிருந்த காசெல்லாம் அவ பீஸுக்குப் போச்சு. தகடு வாங்க ஏது பணம்? மழைத் தண்ணி உள்ள வராம இருக்கட்டும்னு ராத்திரி உக்காந்து வெட்டினாரு.”

“இப்படி ஒட்டுப் போட்ட காடியையா வச்சிருந்தாரு?”

“வச்சிருந்தாரு, ஓட்டினாரா? ‘இனிமே இதுல பிள்ளைங்களை ஏத்தக்கூடாது’ன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. காசு வந்ததும் சரியாச் செய்யணும்னு இருந்தாரு. அப்புறம் நீ காலேஜ் போன.”

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் ஊடகப் படிப்புப் படித்த செலவு அந்தத் தரைத்தகட்டில் இருந்திருக்கிறது. கெஞ்சிக் கெஞ்சி நான் கோபித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவர் அந்தக் காரணத்தை என்னிடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு கார் தயாரானது. வேறொருவர் பார்க்க வந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினோம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. துருப்பிடித்த தரை, மைலோ டின், செய்தித்தாள் என்று எடுத்து வைத்திருந்த படங்களையும் மறைக்காமல் கொடுத்தேன். அவர் கைவிளக்கோடு காருக்கு அடியில் படுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து முன்பணம் கொடுத்தார். வங்கிக் கடனும் கூரைச் செலவும் போகப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒப்படைப்பதற்கு முதல் நாள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்லுமலைக் கோயில் வரை ஓட்டிப் போனேன். அம்மா வழியெல்லாம் கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

டின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. “துருப்பிடிச்சதை எதுக்கு வச்சிருக்க? தூக்கிப் போடு” என்கிறார் அம்மா. போடலாம் என்றுதான் நினைக்கிறேன்.