மதிலுக்கு அந்தப்புறம்

எங்கள் ஒழுங்கையில் முன்பெல்லாம் கிடுகு வேலிதான். குசினியில் நின்றபடியே போவார் வருவாரைப் பார்க்கலாம். வெளியில் போகிறவருக்கோ உள்ளே நிற்பது யாரென்று தெரியாது. முன்பின் அறியாத ஒருவன் இரண்டு தரம் நடந்தால், மூன்றாந்தரம் எந்த வேலிக்குள்ளிருந்தாவது உம்மும்மாமார் இருமிக் காட்டுவார்கள்.

கையில் நாலு காசு சேர்ந்ததும் எல்லோரும் மதில் கட்டினோம். எங்கள் வீட்டுக்காரர் ஐந்தடி போதுமென்றார். கள்ளனுக்குப் பயந்து, மறைவுக்கும் வேண்டுமென்று ஏழடி கேட்டவள் நான்தான்.

போன வருடம் ஒரு மஃரிப் நேரம். ரியூசன் விட்டு வந்த என் தங்கை மகளின் மாலையை, சைக்கிளில் வந்த ஒருவன் எங்கள் மதிலடியில் வைத்தே அறுத்துக்கொண்டு போனான். அவள் கத்தியது எனக்குக் கேட்டது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. கேற்றைத் திறந்தபோது கழுத்தில் கீறலோடு நின்றாள். "நான் கூப்பிட்டேனே, பெரியும்மா" என்றாள்.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில், 1950களில் ஏழைக் குடும்பங்களுக்காகப் பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் எழுப்பினார்கள். புருயிட்-ஐகோ என்று பெயர். 1972இல் அவற்றை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பராமரிக்கப் பணமில்லாதது போன்ற வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் ஒஸ்கார் நியூமன் என்ற கட்டடக்கலைஞர் அங்கே ஒன்றைக் கவனித்தார். இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட வாசல்கள் துப்புரவாக இருந்தன. 150 குடும்பங்களுக்குப் பொதுவான படிக்கட்டுகளோ நாசமாகிக் கிடந்தன. எல்லோருக்கும் உரியதை எவரும் பார்ப்பதில்லை. தெருவுக்குப் பொலிசைவிடப் பெரிய காவல், அதைப் பார்த்திருக்கும் கண்கள்தான் என்று ஜேன் ஜேகப்ஸ் என்ற பெண்மணி 1961இலேயே நூலில் எழுதியிருக்கிறார். எங்கள் உம்மும்மாமார் இருமியதும் அதற்குத்தானே!

மதிலை உடைப்போமா என்றேன். "மறைவு வேண்டுமென்று நீதானே நின்றாய்?" என்றார் வீட்டுக்காரர். நியாயம்தான். மேசன் பாஸ்தான் வழி சொன்னார். மேல் மூன்றடியை எடுத்துவிட்டு, ஓட்டை வைத்த சீமெந்துக் கல் அடுக்கினார். உள்ளே மாமர நிழல், வெளியே வெயில். பகலில் ஒழுங்கை முழுதும் தெரிகிறது, நாங்கள் தெரிவதில்லை. இரவுக்கு வெளிப்பக்கம் ஒரு பல்ப் போட்டிருக்கிறோம்.

எதிர்வீட்டு ராத்தா வந்து பார்த்துவிட்டு, "யோசிப்போம்" என்று சொல்லிப் போயிருக்கிறா. தங்கை மகள் மட்டும் இன்னும் எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை. பெரிய ரோட்டால் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறாள்.