பத்து மாத முன்பணம்

சென்னையில் வீடு தேடுவோர் வாடகையைத் தயங்காமல் கேட்டுவிடுகின்றனர். முன்பணத்தைக் கேட்கும்போதுதான் குரல் தாழ்கிறது. "பத்து மாத அட்வான்ஸ்" என்பது இந்நகரின் எழுதாச் சட்டம். எழுதிய சட்டமோ வேறு. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. அச்சட்டம் உயிரோடிருந்த நாள்களில் நான் நான்கு வீடுகள் மாறினேன். ஒரு மாதம் போதும் என்ற வீட்டுக்காரர் எவரையும் கண்டதில்லை. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக்கியது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் விதித்தது.

என் தங்கை பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவள். சென்ற ஆண்டு வீடு மாறினாள். மாத வாடகை 12,000 ரூபாய், முன்பணம் 1,20,000. புதிய வீட்டிற்கும் அதே தொகை. பழைய வீட்டுக்காரரோ, "அடுத்து குடிவருகிறவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துவிடுகிறேன், டீச்சர்" என்றார். பொய் சொல்லவில்லை அவர். அந்தப் பணம் மொட்டை மாடியில் ஓர் அறையாக எழுந்து நின்றது. தங்கை வளையல்களை அடகு வைத்துப் புதிய வீட்டின் சாவியைப் பெற்றாள். இரண்டரை மாதம் கழித்து, வெள்ளையடிக்கவென ஒரு மாத வாடகை போக, 1,08,000 ரூபாய் வந்தது. அதுவரை அடகுக்கடை வட்டி அவள் பொறுப்பு.

"சட்டப்படி 36,000 தானே அம்மா, சொல்லிப் பார்த்தாயா?" என்றேன்.

"சொன்னால் வீடு கொடுப்பார்களா, அண்ணா?"

அவள் அறியாமலே சட்டத்தின் ஓட்டையைத் தொட்டுவிட்டாள். 'வேறுவகையில் உடன்பாடு இருந்தாலன்றி' என்னும் பொருள்பட்ட விலக்கோடுதான் அந்த வரம்பே தொடங்குகிறது. உடன்படுபவருள் ஒருவருக்கு வீடு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. இவ்விருவரும் சமமாக அமர்ந்து பேசுவார்கள் என்று சட்டம் இயற்றியோர் எப்படி எண்ணினார்களோ! நடுவணரசு 2021-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரையறுத்தது. ஆனால் அது மாதிரிதான், மாநிலங்களைக் கட்டாது.

வீட்டுக்காரரைப் பழிக்கவும் எனக்கு மனமில்லை. அவர்களுள் ஓய்வூதியத்தை நம்பியிருப்போர் உண்டு. வாடகை நின்றுபோகும், மின்கட்டணம் பாக்கி விழும், கதவும் குழாயும் உடையும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இவையனைத்தும் மூன்று மாத வாடகைக்குள் அடங்கிவிடக் கூடியவை. எஞ்சிய ஏழு மாதப் பணம் ஈடன்று, வட்டியில்லாக் கடன்.

ஒன்றைக் கவனித்தேன். விலக்குச் சொற்கள் முன்பணத்தின் அளவைப் பற்றியவை. திருப்பித் தரவேண்டிய ஒரு மாதக் கெடுவைப் பற்றியவை அல்ல. எனவே புதிய ஒப்பந்தத்தில் அந்தக் கெடுவையாவது எழுதிவிடும்படி தங்கை கேட்டாள். வீட்டுக்காரர் சற்று யோசித்தார். பிறகு தம் பேனாவாலேயே அந்த வரியைச் சேர்த்துக் கையொப்பமிட்டார்.