4000-க்கு மேல ஏறாத மோட்டார்

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஃபுல் த்ராட்டில் குடுத்தாச்சு. இன்ஜின் அலறல, ஆழமான குரல்ல, நிதானமா ஓடுது. அது நல்லா இருக்கா, இல்ல கஷ்டப்படுதா?

எங்க ஹாஸ்டல்ல கேட்டப்போ மெக்கானிக்கல் பசங்களே பாதிப் பேர் "நல்லா இருக்கு"ன்னு சொன்னாங்க. எங்க மாமாவும் பல வருஷமா அதையேதான் சொல்லிட்டு இருந்தார்.

மாமா ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை கிராமம். ஃபைபர் வள்ளத்துல தொழிலுக்குப் போறவர். வள்ளத்துக்குப் பின்னால மாட்டியிருக்கிறது 9.9 எச்.பி. அவுட்போர்ட் மோட்டார், ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், வயசு பதினாலு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோல், இல்லன்னா அடுத்த தடவை கயிறு இழுத்து இழுத்து தோள் கழண்டுடும்.

இந்த மோட்டார் ஒரு வருஷமா சோர்ந்து போச்சு. லோடு ஏத்தினா இழுக்கல, ஸ்பார்க் பிளக் வாரா வாரம் கரி பிடிக்குது. மெக்கானிக் ஒருத்தர் தீர்ப்பே சொல்லிட்டார்: "இன்ஜின் தேஞ்சு போச்சு, புதுசு வாங்குங்க." புதுசுன்னா வட்டிக் கடன். வாங்காம விட்டா, நடுக்கடல்ல பிஸ்டன் பிடிச்சுக்கிட்டா என்ன பண்றது? 2017-ல ஒக்கி புயல் எங்க கரையில எத்தனை வீட்டை உடைச்சுப் போட்டுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் வள்ளம் ஒரு மணி நேரம் லேட்டானாகூட மாமி வீட்ல இருக்க மாட்டாங்க, கரைக்கே போய் நின்னுடுவாங்க.

லீவுல போனப்போ கம்ப்ரெஷன் கேஜ் ஒண்ணு கடன் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன். மேனுவல்ல போட்டிருக்கிற அளவை விட கொஞ்சம் கம்மி, ஆனா ரெண்டு சிலிண்டரும் சமம். வயசான இன்ஜின்தான், ஆனா செத்த இன்ஜின் இல்ல. கார்பரேட்டர் சுத்தம், த்ராட்டில் முழுசாத் திறக்குது, வள்ளத்தோட அடியில பாசியும் இல்ல. அப்போ மிச்சம் இருக்கிறது தண்ணிக்குள்ள இருக்கிற அந்த மூணு பிளேடு.

புரொப்பல்லரோட நடுவுல 9¼ × 9-ன்னு குத்தியிருக்கும். முதல் எண் விட்டம். ரெண்டாவதுதான் பிட்ச், ரெண்டுமே அங்குலத்துல. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம், பிட்ச்னா எனக்கு முதல்ல சேப்பாக்கம்தான் ஞாபகம் வரும். தமிழ் மீடியத்துல படிச்ச ரூம்மேட்தான் சொன்னான், "டேய், திருகு அளவியில புரியிடைத் தூரம்னு படிப்போமே, அதுதான்டா." ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். மரத்துல ஸ்க்ரூ ஏத்துற மாதிரி, வழுக்காம ஒரு சுத்து சுத்தினா எவ்வளவு முன்னால போகுமோ அது பிட்ச்.

அவுட்போர்ட்ல முன்னால, நியூட்ரல், பின்னால, அவ்வளவுதான். மாத்தறதுக்கு செகண்ட் கியர், தேர்ட் கியர் கிடையாது. அதனால புரொப்பல்லர் பிட்ச்தான் அதோட கியர். பிட்ச் அதிகம்னா டாப் கியர், கம்மின்னா லோ கியர். மூணு பேர் உட்கார்ந்த நூறு சிசி பைக்கை டாப் கியர்லயே ஏற்காடு மலையில ஏத்திப் பாருங்க. சத்தம் ஆழமா வரும், த்ராட்டிலை முறுக்க முறுக்க ஒண்ணும் நடக்காது. அந்தக் குரல் நிதானம் இல்ல, திணறல். உள்ளுக்குள்ள சூடு ஏறும், கரி சேரும், பேரிங் அடி வாங்கும். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் ரொம்பக் குறைவு, அதனால திணறும்போது நாக்கிங் இன்னும் சுலபமா வரும்.

மேனுவல் சொல்றது எளிமையான விதி: வழக்கமான லோடோட, ஃபுல் த்ராட்டில்ல, ஆர்.பி.எம். 4500-ல இருந்து 5500-க்குள்ள வரணும். கீழ நின்னா பிட்ச் அதிகம், மேல ஓடினா பிட்ச் கம்மி. ஆனா இந்த மோட்டார்ல டாக்கோமீட்டரே கிடையாது. ஊர்ல யார் மோட்டார்லயும் நான் பார்த்ததில்ல. எல்லாம் காதுதான்.

சரி, காதையே கருவியாக்கலாம்னு தோணிச்சு. சிக்னல்ஸ் பேப்பர்ல எஃப்.எஃப்.டி. படிச்சிருப்பீங்க, எக்ஸாம் முடிஞ்ச மறுநாள் மறந்தும் இருப்பீங்க. போன்ல இலவசமா கிடைக்கிற ஸ்பெக்ட்ரம் ஆப் அதைத்தான் பண்ணுது. ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்னா ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி. அப்போ 4500 ஆர்.பி.எம்.முக்கு 150 ஹெர்ட்ஸ்ல ஒரு உச்சி தெரியணும், 5500-க்கு 183-ல.

நாலு ஆள், வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் கேன், எல்லாத்தோடயும் போனோம். ஃபுல் த்ராட்டில். உச்சி 133 ஹெர்ட்ஸ்ல அசையாம நிக்குது. அதாவது 4000. ஜி.பி.எஸ்.ல வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். நீரோட்டம் இருக்கிறதால போகும்போதும் வரும்போதும் பார்த்து எடுத்த சராசரி.

கணக்குப் போடுங்க. கியர் பாக்ஸ் 27 பல்லுக்கு 13 பல்லு, அதாவது 2.08. இன்ஜின் 4000 சுத்தினா புரொப்பல்லர் 1923. ஒவ்வொரு சுத்துக்கும் 9 அங்குலம்னா, வழுக்கல் இல்லாம மணிக்கு 26 கிலோமீட்டர் போயிருக்கணும். போனது 13. பாதி வழுக்கல்லயே போகுது. பாரமான, மெதுவான வள்ளத்துல வழுக்கல் அதிகம்தான், அது இயல்பு. ஆனா 4000-லயே மூச்சு முட்டி நிக்கிறதுதான் பிரச்சினை.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டப்போ கதை வெளிய வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மாமா 24 அடி வள்ளத்தை வித்துட்டு 28 அடி வாங்கினார். மோட்டாரும் புரொப்பல்லரும் அப்படியே பழசுல இருந்து கழட்டி மாட்டினது. வள்ளம் கனமாச்சு, இன்ஜினுக்கு வயசாச்சு, 'கியர்' மட்டும் அதே டாப்ல.

இன்னொண்ணும் இருக்கு. அந்த புரொப்பல்லர் பாறையில ரெண்டு தடவை அடிபட்டு, சுத்தியலால நிமிர்த்தினது. குத்தியிருக்கிற 9 இப்போ உண்மையா? வீட்லயே அளக்கலாம். மேஜை மேல படுக்க வைங்க. ஆரத்துல பத்துக்கு ஏழு பங்கு தூரத்துல, ஒரு பிளேடுல 60 டிகிரி வளைவுக்கு ரெண்டு புள்ளி குறிங்க. ரெண்டுக்கும் மேஜையில இருந்து உயரம் அளந்து, வித்தியாசத்தை ஆறால பெருக்கினா பிட்ச். முதல் பிளேடு 38 மில்லிமீட்டர், அதாவது 228, சரியா 9 அங்குலம். ரெண்டாவது 36, எட்டரை. மூணாவது 41, கிட்டத்தட்ட 9.7. மூணு பிளேடும் மூணு வேற புரொப்பல்லர்! கை நடுங்குதுன்னு மாமா சொல்றது வயசுனால இல்ல, டில்லர்ல வர்ற அதிர்வுனால.

பிட்ச் 7-க்கு இறங்கணும்னு நான் சொன்னதும் மாமா சிரிச்சார். "மக்கா, ஸ்பீடு வேணும்னா பிட்ச் கூட்டணும் கேட்டியா, குறைச்சா எப்படிப் போகும்?" கரையில நின்ன எல்லாரும் அவர் பக்கம்தான். காகிதத்துல எழுதிக் காட்டினேன், எடுபடல. கடைசியில பக்கத்து வள்ளத்துக்காரர் ஒருத்தர் சும்மா கிடந்த 7 அங்குல புரொப்பல்லரை ஒரு நாளைக்குக் குடுத்தார். விட்டம் அதே 9¼.

அதே ஆள், அதே சாமான். இந்தத் தடவை உச்சி 157 ஹெர்ட்ஸ், 4700-க்குக் கொஞ்சம் மேல. வேகம் 13-ல இருந்து 13.7.

"இவ்வளவுதானா?"ன்னு நீங்க கேட்கலாம், மாமாவும் கேட்டார். இவ்வளவுதான். இந்த மாதிரி கனமான வள்ளத்துல வேகம் கூட்டறதுக்கு எக்கச்சக்கமா பவர் வேணும், பிட்ச் மாத்தி அதை வரவைக்க முடியாது. ஆனா பழைய 13 கிலோமீட்டர் இப்போ ஃபுல் த்ராட்டிலுக்குக் கீழயே கிடைக்குது. அலைக்கு எதிரா திரும்பும்போது த்ராட்டில் குடுத்தா மோட்டார் பதில் சொல்லுது. மாமா அதை ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல, எனக்கு அது போதும்.

குறைச்சுக்கிட்டே போறதும் தப்பு. வலை, ஐஸ் எல்லாம் இறக்கிட்டு, ரெண்டே பேரா ஓட்டினப்போ 5200 வந்துச்சு. 5500-க்கு உள்ள இருக்கு. பிட்ச் 6 போட்டிருந்தா வெறும் வள்ளத்துல எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு இருக்கு, பழைய மோட்டாருக்கு அதுவும் கெட்டது.

பத்து நாள் கழிச்சு மாமி போன் பண்ணாங்க. பிளக் இன்னும் மாத்தல, கழட்டிப் பார்த்தா பழுப்பா இருக்குதாம். கடன் பேச்சு இந்த சீசனுக்கு இல்ல. அந்த 7 அங்குல புரொப்பல்லரை மாமா விலை பேசி வாங்கிட்டார். பழைய ஒன்பதை வள்ளத்துக்குள்ள ஸ்பேரா போட்டிருக்கார். அதையும் ஒரு நல்ல கடையில குடுத்து மூணு பிளேடையும் ஒண்ணாக்கணும்னு சொல்லியிருக்கேன். இதுவரை குடுக்கல.

உங்க வீட்லயோ ஊர்லயோ பழைய அவுட்போர்ட் இருந்தா போனை எடுத்துட்டுப் போங்க. டூ ஸ்ட்ரோக் ரெண்டு சிலிண்டர்னா ஹெர்ட்ஸை 30-ஆல பெருக்குங்க, ஒரு சிலிண்டர்னா 60-ஆல. ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சிலிண்டருக்கும் 60-தான். பாதி அலைவரிசையிலயும் சின்னதா ஒரு உச்சி வரும், அதோட குழப்பிக்காதீங்க. லோடு ஏத்திட்டு அளங்க, போன் தண்ணியில விழாம பார்த்துக்கோங்க.